கொன்ட்ரோலர் போய்விட்டால் ரவுட்டர் என்ன செய்யும்? (வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை ஓப்பன்ஃப்ளோ (ரவுட்டர், சுவிட்ச் போன்ற வலையமைப்புப் பெட்டிகளை வெளியே இருக்கிற ஒரு சேர்வரில் இருந்து நடத்துகிற முறை) பற்றி மட்டும் ஐந்து கேள்விகள். முதல் இரண்டுக்கும் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன், அவசரப்படாமல் வாசியுங்கள்.

கேள்வி: அண்ணா, நான் கிளிநொச்சி அறிவியல்நகரில் பொறியியல் இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வுக்கு ஓப்பன்ஃப்ளோ எடுத்திருக்கிறேன். சிஸ்கோ ஏ.எஸ்.ஆர் 9000 ரவுட்டரில் நாலு மோட் இருக்கிறது: எல்2 மட்டும், எல்2-எல்3, எல்3 வி4, எல்3 டூவல். எதை எப்போது போடுவது என்று விளங்கவில்லை. எல்லாம் பார்க்கக்கூடிய எல்2-எல்3ஐயே போட்டுவிட்டால் சரிதானே?
– மாணவி, அறிவியல்நகர்

பதில்: சரியில்லை தங்கச்சி, அந்த மோட்டில்தான் கனபேர் விழுகிறார்கள். அதற்கு முதல் அடிப்படையை ஒருக்கால் பார்த்துவிடுவோம், மற்றவர்களும் வாசிப்பார்கள்.

சாதாரண ரவுட்டரில் முடிவெடுக்கிற மூளையும் பாக்கெட்டை (தரவுத் துண்டை) தூக்கிக்கொண்டு போகிற கையும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஓப்பன்ஃப்ளோ அந்த மூளையை வெளியே எடுத்து ஒரு சேர்வரில் வைக்கிறது, அதைத்தான் கொன்ட்ரோலர் என்கிறோம். இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு இது புது விசயமே இல்லை. போகம் தொடங்க முதல் கூட்டம் கூடி முடிவெடுப்பார்கள், பிறகு வட்டவிதானையார் வந்து இன்றைக்கு இந்த வாய்க்கால், நாளைக்கு அந்த வாய்க்கால் என்று சொல்லுவார், சொன்னபடி துருசு (மதகு) திறக்கும், பூட்டும். துருசு தானாக யோசிப்பதில்லை. இங்கே ரவுட்டர் துருசு, கொன்ட்ரோலர் வட்டவிதானை. அவர் சொல்லிவிட்டுப் போகிற ஒவ்வொரு சொல்லும் ஒரு ஃப்ளோ: பாக்கெட் இப்படி இருந்தால் இதைச் செய், எத்தனை போனது என்று எண்ணிவை. அவ்வளவுதான்.

இப்போது மோட். கையேடுகள் கட்டளையைச் சொல்லும், எந்த இடத்துக்கு எது என்று சொல்லாது. நான் எப்போதும் இரண்டு கேள்வி கேட்டுத்தான் தெரிவுசெய்வேன். பாக்கெட்டில் எதைப் பார்க்க வேண்டும்? பார்த்தபிறகு அதை என்ன செய்ய வேண்டும்? பெரும்பாலானவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

எல்2 என்பது லேயர் 2, ஒரே வலையமைப்புக்குள் மாக் முகவரியை (கருவியின் வன்பொருள் முகவரி) வைத்துக் கடத்துகிற அடுக்கு. எல்3 என்பது லேயர் 3, ஐபி முகவரியை வைத்து வழி தேடுகிற அடுக்கு. எல்2 மட்டும் என்றால் மாக் முகவரி, வீலான் எண் (ஒரு வலையமைப்பைப் பல பிரிவாகப் பிரிக்கிற எண்), ஈதர்டைப் (உள்ளே இருப்பது எந்த வகை என்று சொல்லும் குறி) போன்றவற்றை மட்டும் பார்க்கும், செய்வதும் லேயர் 2 வேலைதான். எல்2-எல்3 மோட் லேயர் 2 ஹெடரோடு (பாக்கெட்டின் தலைப்பகுதி) ஐபிவி4, ஐபிவி6 ஹெடரையும் பார்க்கும், ஆனால் பார்த்தபிறகு செய்யக்கூடியது லேயர் 2 வேலை மட்டுமே. இதை வடிவாகக் கவனியுங்கள். "இந்த ஐபி முகவரியில் இருந்து வருவதை வேறொரு நெக்ஸ்ட் ஹொப்புக்கு (அடுத்த ரவுட்டருக்கு) அனுப்பு" என்று அங்கே சொல்ல முடியாது. கண் ஐபி வரைக்கும் போகும், கை போகாது. எல்லாம் செய்யும் மோட் என்று நினைத்து அதைப் போட்டுவிட்டு, கொன்ட்ரோலர் அனுப்புகிற ஃப்ளோவை ரவுட்டர் ஏன் ஏற்கவில்லை என்று மூன்று நாள் தேடியவரை எனக்குத் தெரியும்.

வழி மாற்ற வேண்டும் என்றால் எல்3 மோட்டுக்குத்தான் போக வேண்டும். எல்3 வி4 ஐபிவி4ஐ மட்டும் பார்க்கும், எல்3 டூவல் ஐபிவி6ஐயும் சேர்த்துப் பார்க்கும், இரண்டிலும் லேயர் 3 வேலை செய்யலாம். இடமும் மாறுகிறது. எல்2 வகை இரண்டும் பிரிட்ஜ் டொமைனில் (ஒரே லேயர் 2 வலையமைப்பாகச் சேர்த்த இன்டர்ஃபேஸ்களின் கூட்டம்) இருக்கிற லேயர் 2 இன்டர்ஃபேஸ்களில் வேலை செய்யும், எல்3 வகை இரண்டும் லேயர் 3 இன்டர்ஃபேஸ்களில். நாலுமே பாக்கெட் உள்ளே வருகிற பக்கத்தில்தான் பார்க்கும், வெளியே போகிற பக்கத்தில் இல்லை. ஆகவே எந்த இன்டர்ஃபேஸில் தண்ணீர் உள்ளே வருகிறதோ அங்கே போடுங்கள்.

கொன்ஃபிக்கில் மோட்டின் பெயரை எழுதுவதில்லை, பைப்லைன் எண் கொடுப்பீர்கள். எல்2 மட்டும் என்றால் 129, எல்2-எல்3 என்றால் 130, எல்3 வி4க்கு 131, டூவலுக்கு 132. ஓப்பன்ஃப்ளோ பகுதிக்குள் போய், சுவிட்ச் 1 பைப்லைன் 129 என்று தொடங்கி, அதற்குள் எந்த பிரிட்ஜ் குரூப், எந்த பிரிட்ஜ் டொமைன் என்று சொல்லி (எல்3 என்றால் அந்த இடத்தில் வி.ஆர்.எஃப், அதாவது ரவுட்டருக்குள் இருக்கிற தனி ரூட்டிங் அட்டவணை, வரும்), கடைசியாகக் கொன்ட்ரோலரின் ஐபி முகவரி, போர்ட் எண், டி.எல்.எஸ் (தொடர்பை மறைகுறியாக்கிக் காக்கிற முறை) வேண்டுமா வேண்டாமா என்பது. நாலைந்து வரிதான், தட்டி முடிக்க இரண்டு நிமிடம் போகாது. எங்கே போடுகிறோம் என்று யோசிக்கத்தான் இரண்டு நாள் வேண்டும்.

உங்கள் ஆய்வின் நோக்கத்தை நீங்கள் எழுதவில்லை. வீலான் பிரித்து வாடிக்கையாளரைக் கையாளுவது என்றால் 129 போதும். போக்குவரத்தைத் திருப்பிவிடுவது என்றால் 132ல் தொடங்குங்கள், ஐபிவி6 இல்லாமல் இப்போது ஆய்வு செய்து என்ன பயன்? ஆனால் ஐபிவி6 ஹெடரைப் பார்க்கிற வசதி ஓப்பன்ஃப்ளோ 1.0 பதிப்பில் இல்லை, அதனால் கொன்ட்ரோலர் 1.3 பதிப்பைப் பேசுகிறதா என்று முதலே பாருங்கள்.

கேள்வி: அண்ணை, நான் வவுனியாவில் ஒரு சிறிய வலையமைப்பைப் பார்த்துக்கொள்கிறேன். ஓப்பன்ஃப்ளோ சுவிட்சுகள் நாலு, கொன்ட்ரோலர் ஒன்று. போன மாதம் கரண்ட் போய் கொன்ட்ரோலர் இருந்த சேர்வர் நின்றுவிட்டது. சுவிட்சுகள் யூ.பி.எஸ்ஸில் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஏற்கெனவே இணைப்பில் இருந்தவர்களுக்குக் கொஞ்ச நேரம் வேலை செய்தது, புதிதாக இணைந்த ஒருவருக்கும் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக எல்லோருக்கும் நின்றது. சுவிட்ச் பழுதா?
– தொழில்நுட்ப உத்தியோகத்தர், வவுனியா

பதில்: சுவிட்ச் பழுதில்லை தம்பி. சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கிற ஒழுங்கே காரணத்தைச் சொல்லிவிடுகிறது, இவ்வளவு வடிவாகக் கவனித்து எழுதியதற்கு நன்றி.

கொன்ட்ரோலரோடு தொடர்பு அறுந்தால் ஒரு சுவிட்ச் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு ஓப்பன்ஃப்ளோவில் இரண்டு வழி உண்டு. ஒன்று ஃபெயில் செக்யூர், மற்றது ஃபெயில் ஸ்டான்ட்அலோன். வட்டவிதானையார் ஒரு நாள் வரவில்லை என்று வையுங்கள். "அவர் கடைசியாகச் சொன்னபடியே இருக்கட்டும், புதிதாக ஒருவருக்கும் திறப்பதில்லை" என்று இருந்தால் அது ஃபெயில் செக்யூர். "அவர் வரும்வரை ஊர்வழக்கப்படி நாங்களே பார்த்துத் திறப்போம்" என்றால் அது ஃபெயில் ஸ்டான்ட்அலோன்.

உங்களுடையது முதலாவது. செக்யூரில் இருக்கிற ஃப்ளோக்கள் தொடர்ந்து வேலை செய்யும், கொன்ட்ரோலருக்கு அனுப்பவேண்டிய பாக்கெட்டுகளை மட்டும் சுவிட்ச் வீசிவிடும். புதிதாக இணைந்தவருக்கு ஃப்ளோ இல்லை, அவருடைய முதல் பாக்கெட் கொன்ட்ரோலரிடம் கேட்கப் போக வேண்டியது, அது வீசப்பட்டது. அதனால்தான் அவருக்கு வரவில்லை. பழையவர்களுக்கு ஏன் பிறகு நின்றது? ஒவ்வொரு ஃப்ளோவுக்கும் ஒரு ஆயுள் வைக்கலாம். ஐடில் டைம்அவுட் என்பது இத்தனை வினாடி ஒரு பாக்கெட்டும் வராவிட்டால் அழி என்பது, ஹார்ட் டைம்அவுட் என்பது வந்தாலும் வராவிட்டாலும் இத்தனை வினாடியில் அழி என்பது. கொன்ட்ரோலர் இல்லாத நேரத்திலும் இந்தக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் அவருடைய ஃப்ளோ அழிந்துவிடும், திரும்பி வந்தால் அவரும் புது ஆள்தான். ஒவ்வொருவராக நின்றதற்குக் காரணம் இதுதான்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஸ்டான்ட்அலோனுக்கு மாற்றிவிடவா என்று கேட்பீர்கள். ஸ்டான்ட்அலோனில் சுவிட்ச் எல்லாப் பாக்கெட்டையும் 'நோர்மல்' என்ற வழியால், அதாவது ஓப்பன்ஃப்ளோ இல்லாத சாதாரண சுவிட்ச் எப்படிச் செய்யுமோ அப்படி அனுப்பும். அதற்கு அந்தப் பெட்டி இரண்டு முறையும் தெரிந்த ஹைபிரிட் வகையாக இருக்க வேண்டும், ஓப்பன்ஃப்ளோ மட்டுமே தெரிந்த பெட்டிக்குச் சாதாரண வழி என்று ஒன்று இல்லை. இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளரை மற்றவரிடமிருந்து பிரிப்பதையே ஃப்ளோக்களால்தான் செய்கிறீர்கள் என்றால், ஸ்டான்ட்அலோனுக்குப் போன நிமிடத்தில் அந்த வரம்பு உடைந்துவிடும், ஒருவருடைய வயல் தண்ணீர் மற்றவருடைய வயலுக்குள் போகும். ஆஸ்பத்திரி, வங்கி போன்ற இடத்துக்குப் போகிற லைன் என்றால் நான் செக்யூரிலேயே விட்டு, ஃப்ளோக்களின் டைம்அவுட்டைப் பூச்சியமாக வைப்பேன், பூச்சியம் என்றால் அழியாது என்று பொருள். வீட்டு இணைப்புகளுக்கு, பிரிப்பதை வீலானில் சாதாரண முறையில் செய்துவிட்டு, ஸ்டான்ட்அலோன் போடுவேன். மழைக்காலத்தில் ஒரு வீட்டுக்கு லைன் இல்லாமல் இருப்பதை நான் சின்ன விசயமாக நினைப்பதில்லை, வெள்ள எச்சரிக்கையும் போனில்தான் வருகிறது.

இதோடு டேபிள் மிஸ்ஸையும் பாருங்கள். எந்த ஃப்ளோவிலும் பொருந்தாத பாக்கெட்டுக்கு என்ன செய்வது என்ற, முன்னுரிமை பூச்சியமான கடைசி வரி அது. 1.0இல் பொருந்தாதது தானாகக் கொன்ட்ரோலருக்குப் போகும். 1.3இல் அந்த வரியை நீங்கள் எழுதாவிட்டால் பாக்கெட் வீசப்படும். பழைய கொன்ட்ரோலர் புரோகிராமை 1.3க்கு மாற்றுகிறவர்கள் இதில் தடுக்கி விழாமல் தப்புவது அரிது. ஹைபிரிட் பெட்டியில் இந்தக் கடைசி வரியை 'நோர்மல்' என்று எழுதிவைத்தால், கொன்ட்ரோலர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தெரியாத பாக்கெட் சாதாரண வழியால் போய்ச் சேரும். உங்கள் அளவு வலையமைப்புக்கு முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன். அப்புறம் இரண்டாவது கொன்ட்ரோலர் ஒன்று, வேறு கட்டடத்தில், வேறு கரண்ட் லைனில்.

கொன்ட்ரோலருக்குப் போகிற பாதை பற்றி என் சொந்த அனுபவம் ஒன்றையும் எழுத வேண்டும். முன்பு ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, பரந்தனில் வீட்டில் இருந்துகொண்டு மாங்குளத்தில் இருந்த ரவுட்டரில் ஓப்பன்ஃப்ளோவை எல்2 மோட்டில் போட்டேன். பிரிட்ஜ் டொமைனைக் கொடுத்தேன், கொன்ட்ரோலர் முகவரி கொடுத்தேன், மாற்றத்தை நடைமுறைக்குக் கொண்டுவரக் கொமிட் அடித்தேன். திரை அப்படியே நின்றது. இரண்டு நிமிடம் கழித்துத்தான் விளங்கியது, கொன்ட்ரோலருக்குப் போகிற பாதையும் நான் உள்ளே நுழைந்திருந்த பாதையும் அதே பிரிட்ஜ் டொமைனுக்குள்ளால்தான் போகின்றன. ஃப்ளோ வந்தால்தான் பாதை திறக்கும், பாதை திறந்தால்தான் ஃப்ளோ வரும். இரவு பதினொன்றரை. மழை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏ9 வீதியால் போனேன், முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் நிற்காமல் நான் போன ஒரே தடவை அதுதான். மாங்குளத்தில் அந்தச் சின்ன அறைக்குள் யூ.பி.எஸ் பீப் பீப் என்று கத்திக்கொண்டிருக்க, வெளிர் நீலக் கொன்சோல் கேபிளைச் செருகி, 9600 வேகத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு, நான் போட்டதை நானே திருப்பி எடுத்தேன். அந்த இரவு அந்த ரவுட்டரின் கீழ் இருந்த எல்லோருக்கும் இணைப்பு இல்லை.

இரண்டு விசயம் செய்திருந்தால் நான் போகவே தேவையில்லை. ஒன்று, கொன்ட்ரோலருக்கான பாதையை ஓப்பன்ஃப்ளோ தொடாத தனி மனேஜ்மென்ட் போர்ட்டில் வைத்திருக்க வேண்டும். மற்றது, இந்தச் சிஸ்கோ ரவுட்டர்களில் ஓடுகிற ஐ.ஓ.எஸ் எக்ஸ்.ஆர் மென்பொருளில் 'கொமிட் கொன்ஃபேம்ட்' என்று ஒரு வசதி உண்டு. ஐந்து நிமிடம் என்று கொடுத்துக் கொமிட் செய்தால், அந்த ஐந்து நிமிடத்துக்குள் நீங்கள் திரும்பவும் கொமிட் என்று உறுதிசெய்யாவிட்டால், ரவுட்டர் தானாகப் பழைய கொன்ஃபிக்குக்குப் போய்விடும். அதற்குப் பிறகு தூரத்தில் இருந்து ஒரு வரி மாற்றுவதென்றாலும் இதை இல்லாமல் நான் செய்ததில்லை. நீங்களும் செய்யாதீர்கள்.

கேள்வி: ரவுட்டரில் கொன்ட்ரோலர் முகவரி சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன், பிங் (இணைப்பைச் சோதிக்கும் கட்டளை) போகிறது, ஆனால் ஓப்பன்ஃப்ளோ தொடர்பு வருவதே இல்லை.
– வாசகர், மாங்குளம்

பதில்: முதலில் போர்ட் எண்ணைப் பாருங்கள். பழைய கொன்ட்ரோலர்கள் 6633இல் காத்திருக்கும், ஓப்பன்ஃப்ளோவுக்கு என்று முறைப்படி ஒதுக்கப்பட்டது 6653. ஒருவர் முன்கதவில் நிற்க மற்றவர் பின்கதவைத் தட்டுகிற கதைதான் பெரும்பாலும். அது சரியென்றால் இரண்டு பக்கமும் டி.எல்.எஸ் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு பக்கம் டி.எல்.எஸ், மறுபக்கம் வெறும் டி.சி.பி என்றால் ஒருநாளும் பேசாது. டி.எல்.எஸ் என்றால் ரவுட்டரின் நேரத்தையும் பாருங்கள். கரண்ட் போய் வந்து, நேரம் பழைய வருடத்துக்குப் போயிருந்தால், "இந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை" என்று சொல்லித் தள்ளிவிடும். நேரத்தைத் தானாகச் சரிசெய்கிற என்.டி.பி போட்டு வையுங்கள். பிங் போகிறது என்பதை நம்பவேண்டாம், நீங்கள் பிங் செய்த வி.ஆர்.எஃப்பும் ஓப்பன்ஃப்ளோ வெளியே போகிற வி.ஆர்.எஃப்பும் ஒன்றுதானா?

கேள்வி: என் மகன் கணினி வலையமைப்புப் படிக்கிறான். இந்த ஓப்பன்ஃப்ளோவைப் படித்தால் வேலை கிடைக்குமா? செத்துப்போன தொழில்நுட்பம் என்று ஒருவர் சொல்கிறார்.
– ஓய்வுபெற்ற ஆசிரியர், முல்லைத்தீவு

பதில்: ஐயா, அதை மட்டும் படித்து வேலை கிடைக்காது. ஆனால் செத்துவிட்டது என்பதும் சரியில்லை. 2008இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வளாக வலையமைப்புகளில் பரிசோதனை செய்வதற்காக முன்வைத்த யோசனை இது. 2011இல் இதற்கென்று ஓப்பன் நெட்வேர்க்கிங் ஃபவுண்டேசன் தொடங்கப்பட்டது. கூகுள் தன்னுடைய தரவு நிலையங்களை இணைக்கிற பி4 என்ற வலையமைப்பில் ஓப்பன்ஃப்ளோவைப் பயன்படுத்தியதை 2013இல் ஆய்வுக்கட்டுரையாகவே எழுதியது. சேவை வழங்குநர்களின் பெரிய ரவுட்டர்களில் எல்லோரும் எதிர்பார்த்த அளவுக்கு இது போகவில்லை, அங்கே நெட்கொன்ஃப் (தூரத்தில் இருந்து கொன்ஃபிக் மாற்றுகிற முறை), செக்மென்ட் ரூட்டிங் (போகவேண்டிய பாதையைப் பாக்கெட்டிலேயே எழுதிவிடுகிற முறை) போன்றவைதான் அதிகம் பேசப்படுகின்றன. ஆனால் முடிவெடுப்பது வேறு, பாக்கெட்டைக் கடத்துவது வேறு என்ற பிரிப்பு கைக்குள் வந்தவனுக்கு அவையெல்லாம் இலகுவாக விளங்கும். தம்பியை முதலில் டி.சி.பி-ஐபி, ரூட்டிங், லினக்ஸ், கொஞ்சம் பைதான் வடிவாகப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு மாதம் இதற்குக் கொடுக்கட்டும்.

கேள்வி: அண்ணா, என்னிடம் ஒரு பழைய லாப்டொப் மட்டும்தான் இருக்கிறது. ரவுட்டரைக் கண்ணால் கண்டதும் இல்லை. எப்படிப் பழகுவது?
– மல்லாவியில் இருந்து ஒரு தம்பி

பதில்: அந்த லாப்டொப் போதும். உபுண்டு போட்டு, அதில் மினிநெட் என்ற இலவச மென்பொருளைப் போடு. ஒரே கணினிக்குள் சுவிட்சுகளையும் கணினிகளையும் உருவாக்கித் தரும், சுவிட்சாக உள்ளே ஓடுவது ஓப்பன் விசுவிட்ச், உண்மையான தரவு நிலையங்களிலும் ஓடுகிற அதே மென்பொருள். தரவிறக்கும்போது மட்டும்தான் இணைய இணைப்பு வேண்டும், அதற்குப் பிறகு டேட்டா இல்லாமலே பழகலாம்.

முதல் நாள் இதைச் செய். ஒரு சுவிட்ச், மூன்று கணினி (எச்1, எச்2, எச்3), ஒரு கொன்ட்ரோலர். எச்1இல் இருந்து எச்2க்கு பிங் விடு, அது ஓடிக்கொண்டிருக்கும்போது கொன்ட்ரோலரை நிறுத்து. எச்1–எச்2 பிங் தொடர்ந்து போகும். இப்போது எச்1இல் இருந்து எச்3க்கு பிங் விட்டுப் பார், போகாது, ஏனென்றால் மினிநெட் தன் சுவிட்சுகளைச் செக்யூர் மோட்டில்தான் தொடங்கும். பிறகு எச்1–எச்2 பிங்கையும் நிறுத்திவிட்டு ஃப்ளோ அட்டவணையைப் பார்த்துக்கொண்டிரு. ஃப்ளோவில் ஐடில் டைம்அவுட் 60 என்று இருந்தால் ஒரு நிமிடத்தில் அந்த வரி காணாமல் போகும், திரும்ப பிங் விட்டால் அதுவும் போகாது. மேலே வவுனியா அண்ணருக்கு நடந்தது உன் மேசையிலேயே நடக்கும்.

அடுத்ததாக ஓப்பன் விசுவிட்சில் ஃபெயில் மோட்டை ஸ்டான்ட்அலோனாக மாற்று. உடனே ஒன்றும் நடக்காது, பயப்படாதே. கொன்ட்ரோலர் உயிரோடு இருக்கிறதா என்று சுவிட்ச் பார்க்கிற இடைவெளியின் மூன்று மடங்கு நேரம் ஒரு சத்தமும் வராவிட்டால்தான் அது தானாகப் பொறுப்பெடுக்கும். அந்த நேரம் முழுக்க எச்1–எச்3 பிங் விட்டபடியே இரு, முதல் பதில் எத்தனையாவது வினாடியில் வருகிறது என்று கொப்பியில் எழுதி, எனக்கு அனுப்பு.